துடிப்பா, ரத்தக்கட்டியா: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் எதை முதலில் முடிவுசெய்வது?

இசிஜி தாளைக் காட்டி, "உங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது" என்று சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "இந்தத் துடிப்பைச் சரிபண்ணிட முடியுமா டாக்டர்?" நியாயமான கேள்வி. நெஞ்சு படபடப்பதும் படியேறினால் மூச்சிரைப்பதும் அவருக்குத்தானே. ஆனால் அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் இருக்கிற பத்து நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். அவருடைய பேச்சையும் கைகால்களையும் காப்பாற்றக்கூடிய வேறொரு முடிவு, மருந்துச்சீட்டைக் கிழிக்கும் கடைசி அரை நிமிடத்தில், "இதையும் சேர்த்துப் போட்டுக்கோங்க" என்று ஒப்பேற்றப்பட்டுவிடும்.

நான் வரிசையை மாற்றிக்கொண்டு பல காலமாகிறது. ரத்தக்கட்டி பற்றிய பேச்சு முதலில், துடிப்பு பற்றிய பேச்சு பிறகு. இரண்டும் தனித்தனி முடிவுகள். ஒன்றைச் செய்துவிட்டால் மற்றது தேவையில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்த நோயில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை தாறுமாறாக அதிர்கின்றன. அதைச் சுருங்குதல் என்றே சொல்ல முடியாது, வெறும் நடுக்கம். அந்தச் சமிக்ஞைகளில் சிலவற்றை மட்டும் நடுவிலுள்ள கணு கீழறைகளுக்கு விடுகிறது, அதுவும் எந்த ஒழுங்குமில்லாமல். அதனால்தான் மணிக்கட்டில் விரல் வைத்தால் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் சிறு பைபோல ஒரு பகுதி உண்டு. வால்வு நோய் இல்லாதவர்களில் உண்டாகும் கட்டிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்தப் பைக்குள்தான் உருவாகின்றன. அங்கிருந்து பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991இல் சொன்னது, இந்த நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு என்று.

மூன்று பேரை மனத்தில் வைத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்கள்தான், ஆனால் எந்த வெளிநோயாளர் பிரிவிலும் ஒரே வாரத்தில் மூவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலாமவருக்கு 52 வயது. வேறு நோய் எதுவுமில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சில மணி நேரம் படபடப்பு வந்து தானாகப் போய்விடுகிறது, ஆனால் அந்த மணி நேரங்களில் அவரால் எந்த வேலையும் செய்ய முடிவதில்லை. இரண்டாமவருக்கு 68 வயது, ரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. வேறெதற்கோ எடுத்த இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அகப்பட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறார். மூன்றாமவர் 83 வயதுப் பாட்டி, எடை 55 கிலோ, ரத்த அழுத்தம் உண்டு, கம்பூன்றி நடப்பவர், ஓராண்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறார்.

மருந்தா, வேண்டாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து யாருக்கு என்பதை ஒரு மதிப்பெண் கணக்கு சொல்கிறது. 2010இல் வந்த சாட்ஸ்-வாஸ்க் கணக்கில் இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரையான வயது, பெண் என்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1. வயது 75 ஆகிவிட்டாலோ முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ 2. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் பெண் என்பதற்கான அந்த ஒரு மதிப்பெண்ணை நீக்கிவிட்டது. நல்ல காரியம் செய்தார்கள். வேறெந்த அபாயமும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் 1 என்று எழுதி, பிறகு "ஆனால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த தொல்லை ஒழிந்தது. புதிய கணக்கின்படி 2 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து தர வேண்டும். 1 என்றால் யோசித்துத் தரலாம்.

அப்படியானால் முதலாமவருக்கு 0, இரண்டாமவருக்கு 3, பாட்டிக்கும் 3. கவனியுங்கள், படபடப்பால் அவதிப்படுபவருக்கு மருந்து தேவையில்லை, "ஒண்ணும் தெரியலையே" என்பவருக்கு அவசியம் தேவை. அறிகுறியும் ஆபத்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடக்கும் நோய் இது. மேலறை நடுக்கம் விட்டுவிட்டு வருகிறதா, நிரந்தரமாக இருக்கிறதா என்பதும் இந்த முடிவை மாற்றுவதில்லை.

ரத்தக்கசிவு அபாயத்துக்கும் ஹாஸ்-பிளெட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் மதிப்பெண் கூடிவிட்டது என்று மருந்தையே மறுத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கணக்கு அதற்கானதல்ல. சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டியிருக்கிறதா, மூட்டுவலிக்கு வலிமாத்திரை தினமும் விழுங்குகிறாரா, மது உண்டா, தேவையில்லாமல் ஆஸ்பிரின் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடித் திருத்துவதற்கான பட்டியல் அது.

ஆஸ்பிரின் என்ற சமாதானம்

"ரத்தத்தை இளக வைக்கிற பெரிய மாத்திரைக்குப் பயமாயிருக்கு, சின்ன ஆஸ்பிரின் போதாதா?" இதை நோயாளியின் பிள்ளைகள் கேட்பார்கள், சில சமயம் மருத்துவர்களே கேட்பார்கள். இதற்கு எண்களே பதில் சொல்லட்டும். பழைய உறைவெதிர்ப்பு மருந்தான வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய 64 சதவீதம் குறைக்கிறது, ஆஸ்பிரின் வகை மருந்துகள் 22 சதவீதம்தான் என்று 2007இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அதைவிட எனக்குப் பிடித்தது 2011இல் வந்த அவரோஸ் ஆய்வு. வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஆஸ்பிரினும் மறு குழுவுக்குப் புதிய உறைவெதிர்ப்பு மருந்தான அபிக்ஸாபானும் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 3.7 சதவீதமாக இருந்த பக்கவாதமும் உடலின் மற்ற பாகங்களுக்குப் போகும் கட்டியும் அபிக்ஸாபான் குழுவில் 1.6 சதவீதமாக இறங்கின. பெரிய ரத்தக்கசிவு? ஆஸ்பிரினில் 1.2, அபிக்ஸாபானில் 1.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆக, ஆஸ்பிரின் பாதுகாப்பான நடுவழி என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். கசிவு அபாயம் ஏறக்குறைய அதே, பயன் பாதியும் இல்லை. இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஓராண்டு கடந்து நிலையாக இருப்பவர்களிலும் இதே கதைதான். உறைவெதிர்ப்பு மருந்தோடு ஆஸ்பிரினையும் சேர்த்துத் தொடர்வதைவிட, உறைவெதிர்ப்பு மருந்தை மட்டும் தருவது நல்லது என்று ஜப்பானில் நடந்த அஃபயர் ஆய்வு 2019இல் காட்டியது. பழைய சீட்டில் பல ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்பிரினை யாரும் நிறுத்தச் சொல்லாததாலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். சீட்டைப் புதுப்பிக்கும்போது ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

வார்ஃபரினா, புதிய மாத்திரைகளா?

வார்ஃபரின் பெயரைச் சொன்னால் இணையத்தில் தேடிவிட்டு வந்து, "எலி மருந்தாமே சார்?" என்பவர்கள் உண்டு. பொய்யல்ல. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழுவினர் கண்டெடுத்த வேதிப்பொருளின் வழித்தோன்றல்தான் இது. 1948இல் எலிக்கொல்லியாக வந்தது, 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் முதலெழுத்துகளே மருந்தின் பெயருக்கு முன்பாதி. எலிக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பது அளவு ஒன்றுதான். அந்த அளவைப் பார்க்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை, 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அந்த இடைவெளிக்குள் நிற்பது எளிதல்ல. கீரை ஒரு வாரம் கூடினால் இறங்கும், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை சேர்ந்தால் ஏறும், பல்வலிக்கு யாரோ கொடுத்த மெட்ரோனிடசோல் அதை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். 2009 முதல் 2013 வரை நான்கு புதிய மாத்திரைகளின் ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. டாபிகாட்ரான், ரிவரோக்ஸாபான், அபிக்ஸாபான், எடோக்ஸாபான். நான்கு ஆய்வுகளிலுமாக 71,683 பேரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2014இல் வெளியானது. வார்ஃபரினோடு ஒப்பிட்டால் பக்கவாதமும் மற்ற கட்டிகளும் 19 சதவீதம் குறைவு, மண்டையோட்டுக்குள் ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதி, இறப்பு 10 சதவீதம் குறைவு. ஒரே குறை, குடல் வழியாக ரத்தம் போவது 25 சதவீதம் கூடியது. மூளைக்கசிவைக் கொடுத்துக் குடற்கசிவை வாங்குவது என்றால் நான் யோசிக்காமல் அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்வேன்.

நான்கில் எது? இந்தப் பெரிய ஆய்வுகள் ஒவ்வொரு மருந்தையும் வார்ஃபரினோடு மோதவிட்டனவே தவிர, ஒன்றோடொன்று மோதவிடவில்லை. அதனால் தேர்வு நோயாளியைப் பொறுத்தது. டாபிகாட்ரான் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறும், வயிற்றெரிச்சல் தரும், கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, மாத்திரை டப்பாவில் மாற்றி வைக்கவும் கூடாது. அதன் விளைவை உடனே முறிக்க இடருசிசுமாப் என்ற ஊசி இருப்பது அதற்கு ஒரு பலம். ரிவரோக்ஸாபான் ஒருவேளை மருந்து, ஆனால் சாப்பாட்டோடு விழுங்காவிட்டால் உடலில் சரியாகச் சேராது. இந்த ஒரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எடோக்ஸாபானும் ஒருவேளைதான். அபிக்ஸாபான் இருவேளை, சிறுநீரகத்தை நம்பியிருப்பது நான்கில் இதுதான் குறைவு, சுமார் 27 சதவீதம். 18,201 பேர் கலந்துகொண்ட அரிஸ்டாட்டில் ஆய்வில் இது வார்ஃபரினைவிடப் பக்கவாதத்தை 21 சதவீதமும், பெரிய ரத்தக்கசிவை 31 சதவீதமும் குறைத்தது. முதியவர்களுக்கு நான் முதலில் எழுதுவது இதைத்தான். ஆனால் இரவு மாத்திரையை வாரம் மூன்று நாள் மறக்கிறவருக்கு இருவேளை மருந்து எழுதிப் பயனில்லை. இவை எல்லாமே அரை நாளில் பாதி வேகம் இழப்பவை. வார்ஃபரின் ஒரு வேளை தவறினால் பொறுத்துக்கொள்ளும், இவை பொறுக்காது.

இப்போது பாட்டியிடம் வருவோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அவருக்கு 1.3. தாளில் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். வயதையும் எடையையும் சேர்த்துக் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 28 மி.லி. என்று வருகிறது. ஐரோப்பிய விதிப்படி 30க்குக் கீழே போனால் டாபிகாட்ரான் கூடாது. அபிக்ஸாபானின் அளவு குறைப்பு விதி வேறு. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் 5 மி.கி.க்குப் பதில் 2.5 மி.கி. இருவேளை. பாட்டிக்கு வயதும் எடையும் பொருந்துகின்றன. 2.5 சரி.

அதே 2.5ஐ 68 வயதுக்காரருக்கும் எழுதிவிட்டு, "வயசானவர், எதுக்கும் பாதியா இருக்கட்டும்" என்பது தவறு. அவருக்கு மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பாதி அளவு கொடுத்தால் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் எந்த ஆய்விலும் இல்லை. பயத்தில் குறைத்த அளவு மருத்துவருக்கு நிம்மதி தருகிறது. நோயாளிக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை.

"அம்மா ரெண்டு தடவை விழுந்துட்டாங்க, இந்த மாத்திரை கொடுத்தா மண்டையில ரத்தம் கட்டிடாதா?" பயம் புரிகிறது. 1999இல் இதற்கென்றே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விழுவதால் மண்டைக்குள் ரத்தம் கட்டும் அபாயம் வார்ஃபரினின் பயனை மிஞ்ச வேண்டுமானால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று வந்தது. அது தாளில் போட்ட கணக்குத்தான், ஒரு கூர்மையான படிக்கட்டு அதைப் பொய்யாக்கலாம். ஆனாலும் திசை தெளிவு. விழுவதற்குக் காரணமான தூக்க மாத்திரையையும் கண்புரையையும் கவனியுங்கள், உறைவெதிர்ப்பு மருந்தில் கை வைக்காதீர்கள், அது இருக்கட்டும்.

இதுவரை படித்தவர்கள் வார்ஃபரினுக்கு வேலையே இல்லை என்று நினைத்திருக்கலாம். மூன்று இடங்களில் அது இன்னும் நிற்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் கட்டியும் கூடியது, கசிவும் கூடியது, பாதியில் நிறுத்தினார்கள். இரண்டாவது, ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள். ருமாட்டிக் இதயநோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள ஏறக்குறைய 4,500 பேரிடம் ரிவரோக்ஸாபானை வார்ஃபரின் வகையோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வந்தபோது பலர் புதிய மருந்து ஜெயிக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஜெயித்தது பழையது. ஐஎன்ஆர் அவ்வளவு துல்லியமாக இல்லாத நிலையிலும் வார்ஃபரின் குழுவில் இறப்பு குறைவு. வால்வு சுருங்கிய 35 வயதுப் பெண் ஒருவர் வந்தால், மதிப்பெண் கணக்கை எடுக்கவே வேண்டாம். மதிப்பெண் எதுவானாலும் மருந்து உண்டு, அது வார்ஃபரின்தான். மூன்றாவது, பல ஆண்டாக வார்ஃபரினில் நிலையாக இருக்கும் தளர்ந்த முதியவர்கள். நெதர்லாந்தில் அப்படிப்பட்டவர்களைப் புதிய மருந்துக்கு மாற்றிப்பார்த்த ஃபிரெய்ல்-ஏஎஃப் ஆய்வில் (2023) ரத்தக்கசிவு 9.4 சதவீதத்திலிருந்து 15.3 ஆக ஏறியது. பாட்டி ஏற்கெனவே வார்ஃபரினில் ஒழுங்காக இருந்திருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன்.

மருந்தே ஒத்துவராதவர்களுக்கு அந்த இடது மேலறைப் பையைக் கருவி வைத்து அடைக்கும் வழி உண்டு. அது தனிக்கட்டுரைக்கான விஷயம். வேறு காரணத்துக்காகத் திறந்த இதய அறுவை செய்யும்போதே பையையும் மூடிவிட்டால் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021இல் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி துடிப்பு

இங்கே இரண்டு பள்ளிகள். மேலறை நடுங்கட்டும், கீழறையின் வேகத்தை மட்டும் அடக்கினால் போதும் என்பது ஒன்று. துடிப்பையே இயல்புக்குத் திருப்ப வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதே மேல் என்று யாருக்கும் தோன்றும். 2002இல் 4,060 பேரைக் கொண்ட அஃபர்ம் ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. ஐந்தாண்டு முடிவில் துடிப்பைத் திருப்ப முயன்ற குழுவில் 23.8 சதவீதம் இறப்பு, வேகத்தை மட்டும் அடக்கிய குழுவில் 21.3. வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல, ஆனால் திருப்பியதில் லாபம் இல்லை என்பது உறுதி. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அந்த ஆய்வின் உள்ளே இருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐஎன்ஆர் 2க்குக் கீழே இருந்தவர்கள். "துடிப்பு சரியாயிடுச்சு, இனி மாத்திரை வேண்டாம்" என்ற முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் வேகக் கட்டுப்பாட்டின் காலம். 2020இல் ஈஸ்ட்-ஆஃப்நெட் 4 வந்து கதையைத் திருப்பியது. நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேர். தொடக்கத்திலேயே துடிப்பைத் திருப்ப முயன்றவர்களில் இதயநோய் இறப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு அல்லது மாரடைப்புக்காக மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் சேர்ந்து 100 பேருக்கு ஆண்டுக்கு 3.9. வழக்கமான சிகிச்சையில் 5.0.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஃபர்மில் பெரும்பாலும் அமியோடரோனும் சோட்டலாலும்தான் ஆயுதம், உறைவெதிர்ப்பு மருந்தை நிறுத்த இடம் கொடுத்தார்கள். ஈஸ்டில் எல்லோரும் முதல் ஓராண்டுக்குள் இருந்தவர்கள், உறைவெதிர்ப்பு மருந்து இரு குழுவிலும் தொடர்ந்தது, ஐந்தில் ஒருவருக்கு அப்லேஷனும் (கோளாறு கிளம்பும் இடத்தைக் குழாய் வழியாகச் சுட்டு அடைக்கும் சிகிச்சை, பின்னால் வருகிறது) செய்தார்கள். மேலறை நீண்ட காலம் நடுங்க நடுங்கத் தழும்பேறி விரிந்துவிடும், பிறகு திருப்புவது கடினம். இந்த வித்தியாசங்களில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காலத்துக்கு மதிப்பு இருக்கிறது என்ற மட்டில் எனக்குச் சந்தேகமில்லை.

அதனால் 68 வயதுக்காரரிடம் நான் பேசும் விதம் மாறியிருக்கிறது. முன்பென்றால் வேகத்தை அடக்கும் பிஸோப்ரோலால் எழுதி, "தொந்தரவு இல்லையே, அப்படியே இருக்கட்டும்" என்றிருப்பேன். இப்போது, முதல் ஓராண்டுக்குள் இருக்கிறார் என்றால், ஒருமுறையாவது துடிப்பைத் திருப்பிப்பார்க்கும் வாய்ப்பை அவர்முன் வைக்கிறேன். ஈஸ்டில் அறிகுறியே இல்லாதவர்களுக்கும் பயன் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பு திரும்பிய மறுவாரம், "இப்பதான் தெரியுது சார், முன்ன எவ்வளவு அசதியா இருந்தேன்னு" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றும் தெரியவில்லை என்பது சில சமயம் பழகிப்போனது என்பதற்கு மறுபெயர்.

பாட்டிக்கு அந்தப் பேச்சு வேண்டாம். வேகத்தை அடக்கினால் போதும். எவ்வளவு அடக்க வேண்டும்? ஓய்வில் 80க்குக் கீழா, 110க்குக் கீழா என்று 614 பேரிடம் ஒப்பிட்ட ரேஸ் 2 ஆய்வு (2010) தளர்வான இலக்கு கண்டிப்பான இலக்குக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. நான் 110இல் தொடங்குவேன், ஆனால் உட்கார்ந்திருக்கும்போது எண்ணியதை மட்டும் நம்ப மாட்டேன். நடைகூடத்தில் ஒருமுறை நடந்துவரச் சொல்லி மறுபடி எண்ணுவேன். உட்காரும்போது 88 இருந்தவர் இருபது எட்டில் 150ஐத் தொடுவார், அவருடைய மூச்சிரைப்புக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

மருந்தில் முதல் தேர்வு பிஸோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர். ஆஸ்துமா என்றால் டில்டியாசெம், வெராபமில். ஆனால் எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் பிழியும் திறன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் இவ்விரண்டும் கூடாது. எக்கோ பார்க்காமல் டில்டியாசெம் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பது. வேகத்தை அடக்கும் இன்னொரு மருந்தான டிகாக்ஸினைக் கிழட்டு மருந்து என்று ஒதுக்கியவர்களை 2020இல் ரேட்-ஏஎஃப் ஆய்வு சற்று நிறுத்தி யோசிக்கவைத்தது. 60 வயதைத் தாண்டிய 160 பேரில் டிகாக்ஸினும் பிஸோப்ரோலாலும் ஆறு மாத முடிவில் வாழ்க்கைத் தரத்தில் சமம், பக்கவிளைவு டிகாக்ஸினில் குறைவு. அதிகம் நடமாடாத முதியவருக்குக் குறைந்த அளவில் நல்ல மருந்து. ஆனால் நம் பாட்டியின் சிறுநீரகம் 28இல் நிற்கிறது, அங்கே டிகாக்ஸின் உடலில் தேங்கிவிடும், அதனால் அவருக்குப் பீட்டா பிளாக்கர்தான். இன்னொன்று, மிகமிக வேகமான, அகன்ற, ஒழுங்கற்ற துடிப்போடு இளைஞர் ஒருவர் வந்தால் இதயத்தில் கூடுதல் மின்பாதை இருக்கலாம். அவருக்கு மேற்சொன்ன எதையும் கொடுக்கக் கூடாது.

மாத்திரையா, அப்லேஷனா?

52 வயதுக்காரர் இங்கேதான் வருகிறார். அவருக்கு மூன்று வழிகள். ஃப்ளெக்கனைடு போன்ற மாத்திரையை அவசரத்துக்குச் சட்டைப்பையில் வைத்திருந்து, படபடப்பு வரும்போது மட்டும் ஒருமுறை விழுங்குவது. முதல் வேளையை மருத்துவமனையில், கண்காணிப்பில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பையில் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, தினசரி மாத்திரை. ஃப்ளெக்கனைடும் புரோபஃபினோனும் வேறு கோளாறில்லாத இதயத்துக்கு மட்டும். மாரடைப்பு வந்த இதயத்தில் ஃப்ளெக்கனைடு வகை உயிரிழப்பைக் கூட்டியது என்பதைக் காஸ்ட் ஆய்வு காட்டியது, 1991 முதல் அந்தப் பாடம் மாறவில்லை. அமியோடரோன் வலிமையில் முதலிடம், தொல்லையிலும் முதலிடம். தைராய்டு, நுரையீரல், ஈரல், கண், தோல் என்று எதையும் விடாது, நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் உடலில் தங்கும். 52 வயதுக்காரருக்கு அதை முதல் மருந்தாக எழுதும் சீட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மூன்றாவது அப்லேஷன். நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயிலில்தான் பெரும்பாலும் பொறி கிளம்புகிறது என்று போர்தோவில் ஐசகேர் குழுவினர் 1998இல் கண்டுபிடித்தார்கள். அந்த வாயில்களைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ வேலி போடுவதே சிகிச்சை. இப்போது குறுகிய மின்துடிப்புகளாலும் செய்கிறார்கள். 2021இல் வெளிவந்த எர்லி-ஏஎஃப், ஸ்டாப் ஏஎஃப் ஃபர்ஸ்ட் ஆகிய இரண்டு ஆய்வுகளிலும், மாத்திரையே தொடங்காதவர்களுக்கு முதல் சிகிச்சையாகக் குளிர் பலூன் செய்தபோது நோய் திரும்புவது மாத்திரையைவிடக் குறைவாக இருந்தது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் இவரைப் போன்றவர்களுக்கு அப்லேஷனை முதல் வரிசைக்கே கொண்டுவந்துவிட்டது. 2,204 பேரின் கபானா ஆய்வில் (2019) உயிரிழப்பு முதலான முதன்மைக் கணக்கில் வெற்றி இல்லை, வாழ்க்கைத் தரத்தில் இருந்தது. ஆகவே இவரிடம், "ஆயுள் நீளும்னு சொல்ல மாட்டேன், நாட்கள் நல்லா இருக்கும்" என்றுதான் சொல்வேன். இதயம் பலவீனமானவர்களுக்கு நிலைமை வேறு. பிழியும் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களிடம் நடந்த காஸில்-ஏஎஃப் ஆய்வில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் 44.6 சதவீதத்திலிருந்து 28.5 ஆகக் குறைந்தன.

ஆபத்து இல்லாத வேலையல்ல. இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, பக்கவாதம், உதரவிதான நரம்பு செயலிழப்பது, மிக அரிதாக உணவுக்குழாயில் துளை. சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாவது முறை நோயாளி தோல்வியாக எடுத்துக்கொள்வார்.

அவசரப் பிரிவில்

ரத்த அழுத்தம் சரிந்து மயங்கும் நிலையில் வந்தவருக்கு உடனே மின்னதிர்ச்சி, அதில் ஒப்பீடு எதுவுமில்லை. நிலையாக இருப்பவருக்கு? 36 மணி நேரத்துக்குள் வந்த 437 பேரிடம் உடனே திருப்புவதையும் பொறுத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. பொறுத்திருந்தவர்களில் 69 சதவீதத்தினருக்கு 48 மணி நேரத்துக்குள் தானாகவே துடிப்பு திரும்பியது. வேகத்தை மட்டும் அடக்கி வீட்டுக்கு அனுப்பி மறுநாள் வரச்சொல்வது சோம்பேறித்தனமல்ல. ஆனால் தொடங்கி 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், மூன்று வாரம் உறைவெதிர்ப்பு மருந்து கொடுத்த பிறகோ, உணவுக்குழாய் வழி எக்கோவில் கட்டியில்லை என்று பார்த்த பிறகோதான் திருப்ப வேண்டும். திருப்பிய பின் நான்கு வாரம் மருந்து எல்லோருக்கும் உண்டு, மதிப்பெண் 0 ஆனாலும். பழைய எல்லை 48 மணி நேரம். ஐரோப்பியர்கள் 2024இல் அதைப் பாதியாக்கினார்கள்.

சீட்டில் எழுதப்படாத வழி

அதே 2024 வழிகாட்டுதல் உடனிருக்கும் நோய்களைக் கவனிப்பதை முதல் படியாக வைக்கிறது, பக்கவாதத் தடுப்பை இரண்டாவதாக. நான் வரிசையில் மாறுபட்டாலும் கருத்தில் மாறுபடவில்லை. அடிலெய்டில் நடந்த லெகசி ஆய்வில் (2015) உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துத் தக்கவைத்தவர்கள் நோயின்றி இருக்கும் வாய்ப்பு 6 மடங்கு. வாரத்துக்கு 10 கோப்பையோ அதற்கு மேலோ மது அருந்தி வந்த 140 பேரில் குடியை நிறுத்தியவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 53 சதவீதம், தொடர்ந்தவர்களுக்கு 73. ஒரு மாத்திரை இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் அதற்கு மாநாடு நடத்தியிருப்பார்கள். குறட்டைவிட்டு நடுநடுவே மூச்சு நிற்கிறதா என்று வீட்டிலிருப்பவர்களிடம் கேளுங்கள், நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. புதிதாகக் கண்டறிந்த ஒவ்வொருவருக்கும் தைராய்டு பரிசோதனை ஒருமுறை.

கைக்கடிகாரம் எச்சரித்தது என்று வருகிறவர்களும் இப்போது உண்டு. முதலில் ஒரு முறையான இசிஜி. பேஸ்மேக்கர் போன்று உடலுக்குள் பொருத்திய கருவிகள் மட்டும் கண்டுபிடிக்கும் சில நிமிட, சில மணி நேர நிகழ்வுகளுக்கு 2023இல் இரண்டு ஆய்வுகள். ஆர்டெசியாவில் அபிக்ஸாபான் பக்கவாதத்தைக் குறைத்தது, கசிவைக் கூட்டியது. நோவாவில் எடோக்ஸாபான் கசிவை மட்டும் கூட்டியது. முன்பே பக்கவாதம் வந்தவரென்றால் கொடுக்கச் சாய்வேன், மற்றவர்களுக்குக் காத்திருந்து மறுபடி பார்ப்பேன்.

அப்லேஷன் முடிந்தபின் எல்லோரும் கேட்பது ஒன்று. 52 வயதுக்காரருக்குப் பதில் எளிது, குறைந்தது இரண்டு மாதம் உறைவெதிர்ப்பு மருந்து, பிறகு நிறுத்தலாம், மதிப்பெண் 0தானே. 68 வயதுக்காரரும் அப்லேஷன் செய்துகொண்டு வந்து, "துடிப்பு சரியாயிடுச்சே, இந்த மாத்திரை எதுக்கு?" என்று கேட்டால்? வழிகாட்டுதல்கள் சொல்வது, மதிப்பெண்ணைப் பார், துடிப்பைப் பார்க்காதே. 2025இல் கொரியாவிலிருந்து வந்த அலோன்-ஏஎஃப் ஆய்வு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. அப்லேஷனுக்குப் பின் ஓராண்டு நோய் திரும்பாத 840 பேரில், மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதமும் கசிவும் சேர்த்த கணக்கில் நிலைமை மேலாகவே இருந்தது. மேலே சொன்ன என் பிடிவாதத்துக்கு இது எதிர்ச்சாட்சிதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது ஓராண்டு காத்திருந்து, திரும்பவில்லை என்று உறுதிசெய்த பிறகான கதை. எனவே அவரிடம் சொல்வேன்: "ஓராண்டு போகட்டும் ஐயா. ஒருமுறைக்கு இரண்டுமுறை, நாள் முழுக்க இசிஜி பதியற ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்ப்போம். அதுவரைக்கும் காலையும் ராத்திரியும் மாத்திரை தவறக் கூடாது. அப்புறம் இதே நாற்காலியில உட்கார்ந்து இந்தக் கேள்வியை மறுபடி எடுப்போம்."